ஐம்பதாம் கோட்டுக்கு மேல்

கன்னிவாடி கிறிஸ்துராஜின் ஆம்னி வேன் அதுவரை வழியில் நின்றதில்லை. நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வண்டி வருவதற்கு முந்தின வருஷம் அது. மலையடிவாரத்து ஊர்களில் நெஞ்சுவலி, பிள்ளைவலி, கிணற்றில் விழுந்தது, மருந்தைக் குடித்தது என்று எது நடந்தாலும் ஆள் ஓடி வருவது அவன் வீட்டு வாசலுக்குத்தான். சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு எழுந்துவிடுவான். அதனாலேயே வண்டியைப் பெண்டாட்டியைக் காட்டிலும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்று மனைவி சகாயராணி சொல்வாள். ஆயில் மாற்றுவதில் ஒருநாள் தப்பாது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது ஞாயிற்றுக்கிழமை பூசை மாதிரி.

அந்த வண்டி ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை காலையில், ரெட்டியார்சத்திரம் தாண்டிப் பழனி ரோட்டில், இரண்டு பக்கமும் வீடு இல்லாத ஒரு இடத்தில் நின்றுபோயிற்று.

பின்னால் மணிமேகலை படுத்திருந்தாள். கட்டுவிரியன் கடி. ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சு தடுமாற ஆரம்பித்துவிட்டது, மூச்சு கொடுக்கிற மெஷின் திண்டுக்கல்லில்தான் இருக்கிறது, உடனே போங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். கண் இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. பேச்சு குழறி நின்றுவிட்டிருந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் சோலைமலை உட்கார்ந்திருந்தான். அவன் கைநகத்தில் செம்மண் காய்ந்திருந்தது. வேட்டியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

வண்டி முதலில் இருமியது. பிறகு ஏறி மிதிக்க மிதிக்க வேகம் இறங்கியது. கிறிஸ்துராஜ் ஓரங்கட்டினான்.

"என்னப்பா? ஏன் நிறுத்துற?"

"நிறுத்தலண்ணே. அதுவா நிக்குது. செத்த இரு."

ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி நிமிர்த்தினான். சூட்டில் கை பொசுங்கியதைப் பார்க்கவில்லை. பிளக்கில் பொறி இருந்தது. டியூபைப் பிடுங்கிப் பார்த்தான், பெட்ரோல் வந்தது. மாட்டினான், சாவியைத் திருகினான். கர்கர்கர் என்று மோட்டார் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. எல்லாம் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அப்படி ஒரு கோளாறு தெரியாது.

ரோட்டில் நின்று கையை நீட்டி மறித்தான். இரண்டு கார் நிற்காமல் போயிற்று. பழனியிலிருந்து வந்த பஸ்ஸில் படிக்கட்டுக்கு வெளியேயும் ஆள் தொங்கியது. சோலைமலை வேனுக்குள்ளிருந்து, "கிறிஸ்து, மூச்சு இழுக்குறா. கிறிஸ்து, ஏலே கிறிஸ்து" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முருங்கைக்காய் ஏற்றி வந்த ஒரு டெம்போ கடைசியில் நின்றது. காய்க்கட்டுகளின் மேல் அவளைப் படுக்கவைத்தார்கள். வண்டி நின்றதற்கும் டெம்போ கிளம்பியதற்கும் நடுவே இருபத்தைந்து நிமிஷம்.

பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மணிமேகலைக்கு மூச்சு இல்லை. டாக்டர் சின்ன வயசுப் பையன். நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்து வேர்த்துப்போய் நிமிர்ந்தவர், எப்போது கடித்தது என்று கேட்டார்.

"ஏழு, ஏழரை இருக்கும்யா" என்றான் சோலைமலை.

"ஒரு அரைமணி நேரம் முன்னாடி வந்திருந்தா மெஷின்ல போட்டிருக்கலாங்க" என்றார் டாக்டர்.

அவர் ஆற்றாமையில் சொன்னார். அந்த அரைமணி நேரம் ஊருக்கு வந்து சேர்ந்து, கிறிஸ்துராஜின் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டது.

பிணம் எடுப்புக்கு மாலையோடு போன கிறிஸ்துராஜைச் சுடுகாட்டுப் பாதையிலேயே சோலைமலை மறித்தான். "வராத. எம்பொண்டாட்டியக் கொன்னுட்டு மாலை தூக்கிட்டு வராத" என்றான். நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்களும் கிறிஸ்துராஜைப் பார்த்த பார்வையில் சரி, போ என்றுதான் இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஓடி வந்திருந்த மகன் முகேஷ்குமார் மொட்டைத் தலையோடு நின்று அவனையே பார்த்தான்.

அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் சோலைமலை பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு வந்துவிடுவான். குடித்திருப்பதும் உண்டு, குடிக்காமல் இருப்பதும் உண்டு. கிறிஸ்துராஜின் வீட்டைப் பார்த்து நின்று, "ஓட்டை வண்டிய வச்சு ஊரை ஏமாத்துற பய" என்று ஆரம்பித்து, தொண்டை கட்டும்வரை ஏசிவிட்டுப் போவான். கிறிஸ்துராஜ் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். மகள் வினோலியா எட்டாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவள் பக்கத்தில் வந்து 'கர்கர்கர்' என்று சாவி திருகுகிற மாதிரி சத்தம் போட்டிருக்கிறார்கள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. பஸ்ஸில் யாரோ சொல்லி சகாயராணிக்குத் தெரிந்தது.

வண்டியைத் திண்டுக்கல்லுக்குக் கட்டி இழுத்துப் போயிருந்தார்கள். பேகம்பூரில் ஷெட் வைத்திருக்கும் அப்துல் ஜப்பார்தான் அதன் வைத்தியர். நாலாம் நாள் கிறிஸ்துராஜுக்குப் போன் வந்தது.

"நீ வந்து பாத்துட்டுப் போ. நான் வாயால சொன்னா நம்ப மாட்ட" என்றார்.

போனான். ஜப்பார் டேங்கை அடியில் திறந்து, ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வைத்திருந்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். மேலே செம்பழுப்பில் பெட்ரோல். அடியில், கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு போட்டுப் பிரிந்து, வெளிர்ந்த இன்னொரு நீர் கனமாகக் கிடந்தது.

"தண்ணியா பாய்?"

"வெறும் தண்ணின்னா நான் ஏன் உன்னைக் கூப்பிடுறேன்? மோந்து பாரு."

பெட்ரோல் நெடிக்கு அடியில், வார்னிஷ் கடையில் அடிக்கிற ஸ்பிரிட் வாடை.

"இப்பல்லாம் பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலந்துதான் வருது. எத்தனாலுங்கிறான். நூத்துக்கு அஞ்சுன்னு கவர்மெண்டு கணக்கு. நல்லா இருக்கிறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. ஆனா தண்ணி பட்டா போச்சு. ஸ்பிரிட்டு பெட்ரோலை விட்டுட்டுத் தண்ணியக் கட்டிக்கிட்டு அடியில போய் உக்காந்துக்கும். பங்க்ல பைப்பு அடியில இருந்துதானே உறியுது? உனக்கு ஊத்தினது அந்த அடிக்கசண்டு. எங்க போட்ட?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பழனி ரோட்டுப் பங்க்கில். திங்கள் ராத்திரிதான் மழை கொட்டியிருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் பெட்ரோல் இல்லாமல் நிற்கக்கூடாது என்பதற்காகவே டேங்க் நிறையப் போட்டிருந்தான்.

"உன் வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்" என்றார் ஜப்பார்.

கிறிஸ்துராஜ் ஷெட்டுக்கு வெளியே கிடந்த டயரில் உட்கார்ந்தான். நாலு நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

சகாயராணி திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் லேபில் வேலை பார்த்தாள். பதினோரு வருஷ வேலை. பட்டம் கிடையாது. ஆனால் பன்னிரண்டாவது பிள்ளைகள் உடைக்கிற பியூரெட்டுக்கும், அவர்கள் தப்பாக ஊற்றுகிற அமிலத்துக்கும் பதில் சொல்கிறவள் அவள்தான். ஜப்பார் கொடுத்த ஜாடியை அவள் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேதியியல் நடத்தும் பிரிஸ்கில்லா டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

டீச்சர் லேப் கதவைச் சாத்தினார். "செஞ்சு பாரு. ஆனா நம்ம ஸ்கூல் பேரு எங்கயும் வரக்கூடாது. எம்பேரும் வரக்கூடாது, என்னா?"

"வராது டீச்சர்."

முறை எளிது. உயரமான, அளவுக்கோடு போட்ட மெஷரிங் ஜாரில் ஐம்பது மில்லி தண்ணீர். அதன்மேல் நூறு மில்லி பெட்ரோல். மூடியை அழுத்திப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்கி, இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை விட்டு, நிறுத்தி வைக்க வேண்டும். பெட்ரோலும் தண்ணீரும் சேராது. ஆனால் பெட்ரோலுக்குள் இருக்கிற ஸ்பிரிட் முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் ஐம்பதாம் கோட்டுக்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஸ்பிரிட். சரியான பெட்ரோலென்றால் ஐம்பத்தைந்தில் நிற்கும்.

பள்ளிக்கு வரும் வழியில், ஒப்பிட்டுப் பார்க்க அதே பங்க்கில் அன்றைக்கு ஒரு லிட்டர் வாங்கி வந்திருந்தான் கிறிஸ்துராஜ். அதையும் ஜன்னலோரம் பக்கத்தில் இன்னொரு ஜாரில் வைத்தாள். இரண்டும் தெளிகிறவரை தூக்குவாளியைத் திறந்து, தக்காளிச் சோற்றை நாலு வாய் தின்றாள். மூடி வைத்தாள்.

பங்க்கில் அன்று வாங்கியது ஐம்பத்தைந்தில் நின்றது. ஒரு மயிரிழை கூடுதலில்லை, குறைவில்லை.

வண்டி டேங்கில் எடுத்தது எண்பத்தொன்றில் நின்றது.

மூன்று தடவை செய்தாள். எண்பத்தொன்று, எண்பது, எண்பத்தொன்று.

பிரிஸ்கில்லா டீச்சர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "கடவுளே. முப்பத்தொண்ணு. இதை ஊத்தினா வண்டி எப்படி ஓடும்? ஆனா ஒண்ணு சகாயம். இந்த முப்பத்தொண்ணுல ஸ்பிரிட் எம்புட்டு, ஏற்கெனவே சேந்த தண்ணி எம்புட்டுன்னு இந்த ஜார் சொல்லாது. அதுக்குப் பெரிய லேபுக்குத்தான் போகணும்."

"இது பெட்ரோல் இல்லன்னாவது சொல்லுதுல்ல டீச்சர்?"

"அது சொல்லுது."

எண்ணைத் தாளில் எழுதி, ஜாடியை மறுபடி இறுக்கி மூடி, அன்று மாலையே கிறிஸ்துராஜ் பங்க்குக்குப் போனான். மேனேஜர் மரியாதையான மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், கறையில்லாமல் பறந்தது. அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் காட்டினார், சரியாக இருந்தது.

"இது இன்னிக்குச் சரக்கு சார். நான் போட்டது போன செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையும் இப்பிடித்தாங்க. ரெஜிஸ்டர் இருக்கு, பாருங்க."

ரெஜிஸ்டரில் செவ்வாய்க்கிழமைக்கு நேராகவும் ஒரு எண் அழகான கையெழுத்தில் இருந்தது.

அவன் வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, காற்றடிக்கிற இடத்தில் நின்ற வீரன் கண்ணைக் காட்டினான். பங்க்கில் பெட்ரோல் போடுகிறவன், தருமத்துப்பட்டிக்காரன். சுவருக்குப் பின்னால் போய் ஒன்றுக்குப் போகிறவன் மாதிரி நின்றுகொண்டு திரும்பாமலே பேசினான்.

"அண்ணே, திங்கக்கிழமை மழையில தரைக்கடியில இருக்கிற டேங்க் மூடி முங்கிப் போச்சுண்ணே. முட்டளவு தண்ணி. செவ்வா பூராவும் அதைத்தான் போட்டோம். ஒரு புல்லட்டு, ரெண்டு ஸ்கூட்டரு திரும்பி வந்து சத்தம் போட்ட பெறகு நிறுத்தச் சொன்னாங்க. வியாழக்கிழமை பேரல் பேரலா இறைச்சு எடுத்துட்டு, கழுவிப் புதுச் சரக்கு ஊத்தியாச்சு."

"இதை நீ வந்து சொல்லுவியா வீரா?"

வீரன் ஜிப்பைப் போடுவதுபோல் கையை அசைத்தான். "எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்குண்ணே. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராத. மனசு கேக்காமச் சொன்னேன். அந்த அக்காவ நானும் பாத்திருக்கேன், சந்தைக்கு வெங்காயம் கொண்டுட்டு வரும்."

அடுத்த இரண்டு வாரம் புகார் கொடுக்கக் கிறிஸ்துராஜ் அலைந்த அலைச்சலுக்கு அளவில்லை. ஒரு அலுவலகத்தில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இன்னொன்றில் எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தான். மூன்றாவது இடத்தில் ஒரு அதிகாரி அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். மூக்குக்கண்ணாடி போட்ட, பொறுமையான ஆள். அவன் கொண்டுபோன ஜாடியைத் தொடாமலே பார்த்தார்.

"இது உங்க வண்டி டேங்க்ல எடுத்தது, இல்லையா?"

"ஆமாங்கய்யா."

"பங்க் பைப்புல இருந்து, பங்க்காரரு, நாங்க, நீங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டு, அலுமினியப் பாட்டில்ல சீல் வச்சு எடுத்தாத்தான் சாம்பிள். இது சாம்பிள் இல்ல. நாளைக்கு அவரு, நீங்களே தண்ணிய ஊத்திட்டு வந்தீங்கன்னு சொன்னா நான் என்ன பண்ணட்டும்?"

"நான் ஏங்கய்யா ஊத்துறேன்? ஒரு உசுரு போயிருக்கு."

"நீங்க ஊத்தினீங்கன்னு நான் சொல்லல. அவரு சொல்லுவாரு. போன வாரம் ஆள் போயி சாம்பிள் எடுத்தாங்க. அஞ்சு பர்சென்ட், கரெக்டா இருக்கு." அவர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க அன்னிக்கே, வண்டி நின்ன அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார்.

வண்டி நின்ற அன்றைக்கு அவன் பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சகாயராணி அடுப்பில் நெத்திலிக் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம் சோலைமலையின் ஏச்சு கேட்டது. சட்டியை இறக்கி வைத்தாள்.

"ஆபீசர் நம்ப வேணாம். பங்க்காரன் ஒத்துக்க வேணாம். சோலைமலை அண்ணன் நம்பணும். அம்புட்டுத்தான். ஊருக்கு அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவரு எங்க கேக்குறாரு?"

"வாயால சொன்னாக் கேக்க மாட்டாரு. கண்ணால பாக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை அவள் டீச்சரிடம் கேட்டு மெஷரிங் ஜாரை ஒருநாள் இரவலாக எடுத்து வந்தாள். வண்டி அதற்குள் டேங்க் கழுவி, பம்பு மாற்றி வந்திருந்தது. யாரும் கூப்பிடாததால் வேப்ப இலை விழுந்து கூரை மூடிக் கிடந்தது. இருவரும் அதிலேயே சோலைமலையின் தோட்டத்துக்குப் போனார்கள்.

மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. வரப்பில் கால் வழுக்கியது. வெங்காயம் பிடுங்கின நிலம் கொத்துப்படாமல், கோரை முளைத்துக் கிடந்தது. மேட்டில் தென்னங்கீற்று வேய்ந்த வெங்காயப் பட்டறை, மூங்கில் தட்டிக்குள் நெஞ்சுயரத்துக்கு வெங்காயம் அடைத்து நின்றது. சோலைமலை அதன் பக்கத்தில் குந்தி, அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தான். அழுகின வெங்காயத்தின் நாற்றம் தோட்டம் முழுக்க இருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தான். பக்கத்தில் மம்பட்டி கிடந்தது. கிறிஸ்துராஜின் கண் அதன்மேல் போயிற்று.

"எதுக்கு வந்தீக?"

சகாயராணி முன்னால் போனாள். "அண்ணே, ஒரு பத்து நிமிசம். பத்தே நிமிசம். பாத்துட்டு எங்களை வெட்டுறதுன்னாலும் வெட்டிப் போடுங்க."

பட்டறைப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் ஜாரை நிறுத்தினாள். அவன் தொட்டியிலிருந்தே தண்ணீர் மொண்டு ஐம்பதாம் கோடுவரை ஊற்றினாள். நல்ல பெட்ரோல் நூறு ஊற்றிக் குலுக்கினாள். நிறுத்தினாள். ஐம்பத்தைந்து. கொட்டிக் கழுவினாள். மறுபடி ஐம்பது தண்ணீர். ஜப்பார் கொடுத்ததில் மிச்சமிருந்ததை ஊற்றினாள். பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னாள். இது தண்ணி, இது பெட்ரோலு, இந்தக் கோட்டைப் பாருங்க.

சோலைமலை முதலில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குலுக்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினான். பூச்சி மருந்தை மூடியால் அளந்து கலக்கிப் பழகினவன். கோடு ஏறுவதைக் குனிந்து பார்த்தான். விரலை ஐம்பதில் வைத்தான். பிறகு எண்பதில் வைத்தான்.

"இதை ஊத்திட்டானா உன் வண்டியில?"

"ஆமாண்ணே" என்றான் கிறிஸ்துராஜ்.

"உனக்குத் தெரியாது?"

"எப்படிண்ணே தெரியும்? டேங்குக்குள்ள ஊத்துறதை யாரு பாக்க முடியும்?"

சோலைமலை நீளமாக மூச்சு விட்டான். "அப்ப உம்மேல தப்பில்ல."

சகாயராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். மூன்று வாரமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். "இதை ஊருக்குள்ள நாலு பேருகிட்டச் சொல்லுங்கண்ணே. எம்பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது."

அவன் வரப்பைக் காட்டினான். "நீ வண்டிக்குப் போ தங்கச்சி. கிறிஸ்து செத்த நேரத்துல வருவாப்ல" என்றான்.

அவள் ஜாரை எடுத்துக்கொண்டு வரப்பில் போய் மறைகிறவரை சோலைமலை பார்த்து நின்றான். பிறகு பட்டறைத் தட்டியில் கை ஊன்றிக்கொண்டு, கிறிஸ்துராஜைப் பார்க்காமல் பேசினான்.

"ஏழரைக்குக் கடிச்சதுன்னு சொன்னேன்ல. ஏழரை இல்ல. விடியல்ல அஞ்சரை மணி."

கிறிஸ்துராஜுக்கு உடனே புரியவில்லை.

"பிடுங்கின வெங்காயம் தார்ப்பாய்க்கு அடியில குமிஞ்சு கிடந்துச்சு. மானம் இருட்டிட்டு நிக்குது. நனைஞ்சா அம்புட்டும் போச்சு. விடியிறதுக்குள்ள பட்டறையில ஏத்திரணும்னு நானும் அவளும் வந்தோம். தார்ப்பாயைத் தூக்கினா. என்னமோ சுருக்குன்னுச்சுங்கன்னா. வெளிச்சத்தைக் காட்டுங்கன்னா. நான்… நான், முள்ளா இருக்கும் கழுதை, மழை வருது, அள்ளுன்னேன். அள்ளினா கிறிஸ்து. கூடை கூடையா ரெண்டு மணி நேரம் அள்ளினா. கண்ணு சொருகுது, என்னமோ மாதிரி வருதுன்னா. வெறும் வயிறு, அப்பிடித்தான் இருக்கும், கஞ்சியக் குடின்னேன். தூக்குல இருந்த கம்மங்கஞ்சிய வாயில வச்சா, முழுங்க முடியல, கடவாயில வழியுது. அப்பறம்தான் காலைப் பாத்தேன்."

தட்டிக்குள்ளிருந்து ஒரு வெங்காயம் நழுவி அவன் காலடியில் விழுந்தது. அதை எடுத்துத் தடவிப் பார்த்து மறுபடி உள்ளே போட்டான்.

"அந்த டாக்டரு அரைமணின்னாரு. நான் ரெண்டு மணி நேரம் வச்சிருந்தேன். யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். இப்ப உனக்கு."

"அண்ணே…"

"எம்மயன் முகேசு, அவனுக்குத் தெரிஞ்சா எம்மூஞ்சியில முழிப்பானா? ராத்திரி பகலா நெஞ்சு கொதிக்கையில உன் வாசலுக்கு வந்து நாலு வார்த்தை கத்திட்டுப் போனாத்தான் வீட்டுல போய் ஒரு வாய் சோறு இறங்குது. நீ வந்து இப்பிடி ஒரு சீசாவக் காட்டி, உம்மேல தப்பில்லன்னு ஆக்கிட்ட. சரி. நெசந்தான். அப்ப நான் இனி யாரைப் போய் ஏசுறது கிறிஸ்து? பெட்ரோலையா?"

அவன் சட்டென்று குனிந்தான். காலில் விழப்போகிறான் என்று தெரிந்து கிறிஸ்துராஜ் தோளைப் பிடித்துத் தடுத்தான். மெலிந்த தோள், எலும்பு கையில் தட்டியது.

"வண்டிக் கோளாறாவே இருந்துட்டுப் போகட்டும் அப்பு. உன் வாசலுக்கு வரமாட்டேன். ஏச மாட்டேன். யாரு கேட்டாலும் நீ இதைக் கிளறாத. கிளறினா எப்பக் கடிச்சதுன்னு முகேசு கேப்பான். ஒவ்வொண்ணாக் கேப்பான்."

கிறிஸ்துராஜ் அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு வரப்பில் இறங்கினான்.

வண்டியில் திரும்பி வரும்போது எல்லாவற்றையும் சகாயராணியிடம் சொல்லிவிட்டான். அவள் முதலில் 'சேசுவே' என்றாள். பிறகு, "பாவந்தான். ஆனா அவரு பாவத்தை எம்பிள்ளை ஏன் சுமக்கணும்?" என்றாள்.

"எனக்கும் தெரியல."

"சொல்லிருங்க. கடிச்ச நேரத்தை விட்டுருவோம், அதை யாரும் கேக்க மாட்டாக. பெட்ரோல் கெட்டுப் போச்சுங்கிறதை மட்டும் சொல்லிருங்க."

சோலைமலை சொன்னபடி அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் வரவில்லை. ஆனால் ஊர் ஏற்கெனவே பேசிப் பழகியிருந்தது. அவன் நிறுத்தியும் அது நிற்கவில்லை. மாங்கரைப் பக்கம் ஒருவன் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி விட்டிருந்தான். வலி கண்டவர்கள் அவனுக்குப் போன் செய்தார்கள்.

முப்பதாம் நாள் காரியத்துக்கு சோலைமலையே ஆள் விட்டு இருவரையும் கூப்பிட்டிருந்தான். போனார்கள். பந்தலில் இலை போட்டுச் சோறு, கத்தரிக்காய் வெஞ்சனம், ரசம். இவர்கள் உட்கார்ந்த பந்தியில் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. முகேஷ்குமார் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவன் இவர்கள் டம்ளருக்கும் ஊற்றிவிட்டுப் போனான்.

கைகழுவி எழுந்தபோது மணிமேகலையின் தாய் ஒச்சாயி கூப்பிட்டாள். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். மகளின் சாவுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டாள். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளிப் பந்தல்காலைப் பிடித்தபடி சோலைமலை நின்றான்.

"நீதானய்யா வண்டிக்காரரு?"

"ஆமா ஆத்தா."

அவள் ஏசவில்லை. குரலில் கோபமே இல்லை. "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. நீ சொல்லு சாமி. எம்மக போன வண்டி ஏன் நின்னுச்சு?"

முகேஷ்குமார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். சகாயராணி புருஷனின் முழங்கையை அழுத்தினாள். சொல்லுங்க என்கிற அழுத்தம். கிறிஸ்துராஜ் சோலைமலையைப் பார்த்தான். பந்தல்காலைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது, முகம் தரையைப் பார்த்திருந்தது.

பெட்ரோல் என்கிற வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்தது. பெட்ரோல் என்றால், அப்படியா, எந்த பங்க், எத்தனை மணிக்குப் போட்டாய், எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கடித்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிற அந்தப் பையன் ஒவ்வொன்றாகக் கேட்பான்.

"எஞ்சின் கோளாறு ஆத்தா" என்றான். "நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

ஒச்சாயி அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"கவனிச்சிருக்கலாம்ல சாமி" என்றாள்.

முழங்கையில் இருந்த சகாயராணியின் கை விலகியது.

வெளியே வந்து அவன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேறும் சகதியுமாய்க் கிடந்த வண்டிப் பாதையில் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கிறிஸ்துராஜ் வண்டியை எடுத்தான். ஒரே திருகலில் எஞ்சின் பிடித்தது. முதல் கியரிலேயே, அவளுக்குப் பத்தடி பின்னால், ஹாரன் அடிக்காமல் ஓட்டிக்கொண்டு போனான். பஞ்சாயத்து ரோடு வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை.